செய்முறை வகுப்பில் வெங்காயம்

என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், அமிலம், காரம் பற்றிய பாடத்தில், பலரும் வேகமாகப் புரட்டிவிடுகிற ஒரு சோதனை இருக்கிறது. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, துணித்துண்டுகளோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் ஒரு துணியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு, இன்னொன்றில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சில சொட்டு விட்டு, தண்ணீரில் அலசி முகர வேண்டும். அமிலம் பட்ட துணியில் வாடை அப்படியே இருக்கும். காரம் பட்டதில் போய்விடும். லிட்மஸ் தாளைப் பார்த்துக் கண் தெரிந்துகொள்வதை இங்கே மூக்கு தெரிந்துகொள்கிறது. இது சிறப்புப் பள்ளிக்கென்று எழுதிய பாடம் அல்ல. எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற புத்தகத்தில் உள்ளது. அதே புத்தகத்தைக் கொண்டு தேர்வு நடத்தும் சிபிஎஸ்இ, பார்வையற்ற மாணவர்கள் அறிவியலுக்குப் பதிலாக இசை போன்ற வேறொரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நெடுங்காலமாக ஒரு சலுகையும் தந்துவருகிறது. இசை நல்ல பாடம்தான். ஆனால் இந்தச் சலுகையால் முதலில் சிரமம் குறைவது யாருக்கு என்று கேட்டால், மாணவருக்கு அல்ல, பள்ளிக்குத்தான் என்பது என் எண்ணம்.

பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்ட மாணவருக்குப் பிளஸ் ஒன்னில் முதல் குரூப் கிடையாது. அதற்குப் பின்னால் வரும் பொறியியல், அறிவியல் ஆய்வு எல்லாம் பதினைந்து வயதிலேயே மூடிவிடுகின்றன. விடாமல் படித்தவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. ஆந்திரத்தைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் பொல்லா பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தும், பார்வையற்றவர் என்பதால் அறிவியல் பிரிவில் சேர நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தபின் பன்னிரண்டாம் வகுப்பில் 98 சதவீதம் வாங்கி, அமெரிக்காவின் எம்ஐடியில் படித்துத் திரும்பி, தொழில் நிறுவனம் தொடங்கினார். ஒருவர் வென்றார் என்பதால் எல்லாருக்கும் முடியும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவரைத் தடுத்தது இயற்பியலோ வேதியியலோ அல்ல, ஒரு விதி என்பதை அந்த வழக்கு ஐயமில்லாமல் காட்டுகிறது.

அறிவியல் என்றாலே கண்ணால் பார்ப்பது என்ற எண்ணம் இந்த விதிகளுக்கு அடியில் கிடக்கிறது. எலக்ட்ரானை யாரும் பார்த்ததில்லை. கதிரியக்கத்தைக் கெய்கர் கருவி ‘டிக் டிக்’ என்ற ஒலியாகத்தான் நெடுங்காலம் சொல்லிவந்தது. புலனுக்கு எட்டாத ஒன்றைப் புலனுக்கு எட்டும் வடிவுக்கு மாற்றுவதுதான் கருவியின் வேலை; அந்த வடிவம் முள்ளாகவோ நிறமாகவோதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. புவேர்ட்டோ ரிக்கோவின் வானியலாளர் வாண்டா டியாஸ்-மெர்செட் பார்வையை இழந்தபின், விண்மீன் தரவுகளை ஒலியாக மாற்றிக் கேட்டு ஆராய்கிறார். மூன்று வயதில் பார்வை இழந்த கீரட் வெர்மெய் உலகறிந்த சிப்பியியல் அறிஞர். சங்கு, சிப்பிகளின் தடிப்பையும், நண்டு உடைக்க முயன்று தோற்ற இடத்தில் ஆறிய தழும்பையும் விரலால் தடவித் தடவியே, இரைக்கும் வேட்டையாடிக்கும் இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் போட்டியைப் பற்றிய கருத்தை அவர் வளர்த்தெடுத்தார். கண்ணுள்ளவர்கள் அழகு பார்த்து அலமாரியில் வைத்த ஓடுகள்தான் அவை.

பள்ளி ஆய்வகத்துக்கு வருவோம். தரம்பார்த்தலில் நிறம் மாறும் கணத்தை, ஒளியின் அளவுக்கேற்ப ஒலி எழுப்பும் சிறு உணரி சொல்லிவிடும். பிப்பெட்டுக்குப் பதில், தண்டில் அளவுக்கேற்ப வெட்டு போட்ட ஊசியில்லா சிரிஞ்ச் போதும். பேசும் தெர்மாமீட்டர் இருக்கிறது. ஊசலின் அலைவுகளை விரலால் எண்ணலாம். இதயத்தின் படம், மின்சுற்றுப் படம் ஆகியவற்றை மேடாக அச்சிட்டுத் தரும் பணியை டெல்லி ஐஐடியில் செய்துவருகிறார்கள். இவை எதுவும் கைக்கு வராத பள்ளியில்கூட, கரும்பலகையைக் காட்டி “இது இங்கே போகிறது, அது அங்கே வருகிறது” என்பதை விட்டு, “வலது கீழறையிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது” என்று ஆசிரியர் முழு வாக்கியமாகச் சொல்லலாம். அதற்குச் செலவில்லை. கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் அது புரியும்.

அமிலமும் நெருப்பும் உள்ள அறையில் பார்வையற்ற பிள்ளையை எப்படி விடுவது என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் ஆய்வகங்கள் பார்வையுள்ள பிள்ளைகளுக்கே அவ்வளவு பாதுகாப்பானவை அல்ல. சுடரடுப்புக்குப் பதில் மின்தட்டு, அடர் அமிலத்துக்குப் பதில் நீர்த்த அமிலம், பொருள்களை எப்போதும் ஒரே இடத்தில் வைக்கும் பழக்கம் ஆகியவை எல்லாருக்கும் வேண்டியவை. செலவு, ஆசிரியரின் நேரம் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்காகத் தனியே ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டு, சிறப்பாசிரியரைப் பல பள்ளிகளுக்குப் பகிர்ந்து அனுப்பினால், நல்ல ஆசிரியரும் கையை விரிப்பார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் தக்கபடி மாற்றச் சொல்கிறது. அதற்கான ஆளையும் பணத்தையும் தராமல், பாரத்தை ஒரு வகுப்பாசிரியரின் நல்ல மனத்தின் மீது இறக்கி வைப்பது நியாயமில்லை.

இவ்வளவு நேரம் பார்வையைப் பற்றியே பேசியதற்குக் காரணம், அங்கேதான் மறுப்பு வலுவாக இருக்கிறது. செவித்திறன் குறைந்த பிள்ளைக்குச் சோதனை கண்முன் நடக்கும். குறைவது சைகை மொழியில் கலைச்சொற்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஓம் விதி எட்டாமல் போகலாம், ஆனால் ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடக் கூடாது என்பதும் அறிவியல்தான். அதைக் காரணத்தோடு கற்பிக்க முடியும்.

எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது என்பதும் உண்மை. உப்பு சுடருக்குத் தரும் நிறத்தைப் பிறவியிலேயே பார்வை இல்லாத மாணவர் உணரப்போவதில்லை. அங்கே பக்கத்து மாணவரின் கண்ணைக் கடன் வாங்கலாம். ஆனால் அடுத்து எந்த உப்பு, எவ்வளவு, எதை எதோடு ஒப்பிடுவது என்று முடிவெடுப்பது யார்? நண்பன் செய்துமுடிப்பதை இவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டால், அது மரியாதையான விலக்கு, அவ்வளவுதான். இவர் சொல்லச் சொல்ல நண்பன் செய்தால் சோதனை இவருடையது. தேர்வில் சொல்வதை எழுதுபவரை ஏற்றுக்கொண்ட நாம், ஆய்வகத்தில் சொல்வதைச் செய்பவரையும் ஏற்கலாம். செய்முறைத் தேர்வின் மதிப்பெண், குடுவையைப் பிடித்த கைக்கா, அடுத்த அடியைச் சொன்ன வாய்க்கா என்பதைத் தேர்வு வாரியங்கள் முடிவு செய்து எழுத்தில் தர வேண்டும்.