புறாக்களுக்கும் தடுப்பூசி

புறாவின் துயர் தீர்க்கத் தன் உடலையே ஈந்த சிபியைச் சோழர் தம் குலமுதல்வனாகப் போற்றினர். அன்று புறாவைத் துரத்தியது பருந்து. இன்று தஞ்சை மாவட்டக் கடற்கரையில், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் மொட்டைமாடிக் கூண்டுகளில் வளரும் புறாக்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத பகைவர் இருவர் உளர்.

முதற்பகைவன் புறாக்களைத் தாக்கும் பாராமிக்சோ தீநுண்மி. கோழிகளை மாய்க்கும் வெள்ளைக்கழிச்சல் நோயின் தீநுண்மிக்கு இது நெருங்கிய உறவு. அந்நோய்க்கு இராணிகேத் நோய் என்றும் பெயர். 1920களின் பிற்பகுதியில் இந்தியாவில் அது கண்டறியப்பட்ட குமாவோன் மலைநகரின் பெயர் அது. கால்நடைத் தடுப்பு மருந்துகள் ஆக்கப்படும் நம் இராணிப்பேட்டையோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டா.

நோயுற்ற புறா நீர்த்த எச்சமிடும். சிறுநீரகம் தாக்கப்படுவதே அதற்குக் காரணம். நரம்பும் தாக்கப்படுவதால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த இயலாமல் அலகு வேறிடத்தில் விழும். தீனி எதிரிலிருக்கவே பட்டினியால் இறக்கும் புறாக்கள் பல. கரணமடிக்கும் கர்ணப்புறாவை வளர்ப்போர், நோயின் தடுமாற்றத்தை விளையாட்டென்று எண்ணிவிடக்கூடும். இந்நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை.

கேடு புறாக்கூண்டோடு நிற்பதுமில்லை. 1984இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் இருந்த தீவனத்தில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்தது. அதை உண்ட கோழிப்பண்ணைகளில் நோய் வெடித்தது. நெற்களமும் கோழிக்கூடும் அருகருகே அமைந்த நம் ஊர்களுக்கு இச்செய்தி அயலானதன்று.

செயலிழக்கச் செய்த தீநுண்மியைக் கொண்ட தடுப்பூசியே இதற்குச் சிறந்த காப்பு. கழுத்தின் அடிப்பகுதியில், முதுகுப்புறமாக, தோலுக்கு அடியில் அதனைச் செலுத்துவர். இடம் முக்கியம். புறாவின் கழுத்துத் தோலில் இரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னியுள்ளன. தலைக்கருகே ஊசி குத்தினால் குருதி கசிந்து பறவை இறக்கவும் கூடும். காப்பு உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆண்டுதோறும் மீண்டும் இடவேண்டும். ஏற்கெனவே நோயுற்ற பறவைக்கு ஊசியிடுவதால் பயனில்லை.

இரண்டாம் பகைவன் புறா அம்மை. கொசுக்களே இதனை மிகுதியாகப் பரப்புவதால், வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கும் காலம் இதற்கு உகந்தது. அலகோரத்திலும் கண்ணிமையிலும் கால்களிலும் மருப்போன்ற கொப்புளங்கள் தோன்றும். தொண்டைக்குள் படலம் படிந்தால் மூச்சடைக்கும். உதிர்ந்த பொருக்கிலும் தீநுண்மி பல மாதங்கள் உயிர்த்திருக்கும்.

இதன் தடுப்பு முறை சுவையானது. தொடையில் சில இறகுகளைப் பறித்து, அக்குழிகளில் உயிருள்ள தடுப்பு மருந்தைத் தூரிகையால் தடவுவர். ஏழு முதல் பத்து நாள்களில் அவ்விடம் வீங்கிப் பொருக்குத் தட்ட வேண்டும். வீக்கத்தைக் கண்டு அஞ்சுவோர் உளர். உண்மையில், வீங்காவிடில்தான் கவலை கொள்ள வேண்டும். மருந்து பற்றவில்லை என்பது அதன் பொருள்.

உயிருள்ள தடுப்பு மருந்து வெப்பத்தில் வீரியம் இழக்கும். 2 முதல் 8 பாகை செல்சியசில், பனிக்கட்டிப் பெட்டியில் அதனைக் கொண்டுசெல்ல வேண்டும். வெயிலில் மிதிவண்டிப் பையில் கிடந்த குப்பி, மருந்தென்ற பெயரளவிற்கே மருந்து. அதிராம்பட்டினத்தார் ஐயம் தீர நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அதே மாவட்டத்து ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. புதிதாக வாங்கிய புறாவைப் பழைய கூட்டத்தோடு உடனே சேர்க்காமல், சில வாரங்கள் தனிக்கூண்டில் வைத்துப் பார்த்தல் நன்று. ஊசியிட்ட கூட்டத்திற்கும் இது பொருந்தும்.