பணியிடத்தில் கழிவைக் குறைப்போம்

நுழையும்முன்

வீட்டைத் தூய்மையாக வைத்திருப்போர் பலர், பணியிடத்தில் சேரும் குப்பையைத் தம்முடையதாகக் கருதுவதில்லை. அங்கு ஒருவர் வீசும் சிறு பொருளும் பலரால் பெருகி மலையாகிறது. அதனைக் குறைக்கும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

தொழில் வளரும் ஊர்

திருப்பதி மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது சத்தியவேடு. வேளாண்மையை நம்பியிருந்த இப்பகுதியில் 2008ஆம் ஆண்டு முதல் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் வளர்ந்து வருகிறது. 2016ஆம் ஆண்டு ஜப்பானின் இசுசு நிறுவனத்தினுடைய ஊர்தி ஆலை இங்குத் திறக்கப்பட்டது. ஆலைகள் பெருகும் இடத்தில் கழிவும் பெருகும்.

கழிவு தொடங்கும் இடம்

குப்பைத்தொட்டியில் விழும்பொழுதுதான் ஒரு பொருள் கழிவாகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில், தேவையின்றி அதனை வாங்கும்பொழுதே கழிவு தொடங்கிவிடுகிறது. இதனை ஜப்பானியர் தம் தொழிற்கூடங்களில் நன்கு உணர்ந்தனர். பயனற்ற செலவை அவர்கள் 'முடா' என்பர். டொயோட்டா நிறுவனத்தின் பொறியாளர் தாயிச்சி ஓனோ அதனை ஏழாக வகுத்தார். தேவைக்கு மிகுதியாக ஆக்குதல், மிகுதியாக இருப்பு வைத்தல், குறையுள்ள பொருளைச் செய்தல் ஆகியவை அவற்றுள் சில. ஆலைக்கு வகுத்த இந்நெறி அலுவலகத்திற்கும் உணவுக்கூடத்திற்கும் பொருந்தும்.

ஒரு கணக்கு

நூறு பேர் பணிபுரியும் அலுவலகம் ஒன்றில் ஒவ்வொருவரும் நாளுக்கு இருமுறை காகிதக் குவளையில் தேநீர் பருகுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 200 குவளைகள். 25 வேலை நாள்கள் கொண்ட மாதத்தில் 5,000. ஓர் ஆண்டில் 60,000! காகிதக் குவளையின் உட்புறம் மெல்லிய நெகிழிப் பூச்சு உள்ளது. ஆதலால் அது எளிதில் மக்காது; மறுசுழற்சிக்கும் எளிதில் உதவாது. ஒவ்வொருவரும் ஓர் எவர்சில்வர் குவளையை வைத்துக்கொண்டால் இக்குப்பை தோன்றவே தோன்றாது.

காகிதத்தின் இருபுறமும் அச்சிட்டால் தாளின் தேவை ஏறத்தாழப் பாதியாகும். உணவுக்கூடத்தில் மீந்த சோற்றை நாள்தோறும் எடைபோட்டுப் பலகையில் எழுதி வைத்தால், மறுநாள் எவ்வளவு சமைப்பது என்பது சமைப்போருக்கு விளங்கும். உண்போரும் அளவறிந்து கேட்பர்.

பிரித்தலின் பயன்

எவ்வளவு குறைத்தாலும் சிறிதளவு கழிவு எஞ்சவே செய்யும். அதனை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வலியுறுத்தின. உணவுக் கழிவு உரமாகும். உலர்ந்த தாள் மீண்டும் தாளாகும். இரண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் இரண்டுமே பயனற்றுப்போகும். உடைந்த கண்ணாடியும் பாதரசம் அடங்கிய குழல்விளக்கும் அவற்றோடு சேர்ந்தால், தூய்மைப் பணியாளரின் கைகளே முதலில் காயமுறும். நாம் ஒரு நொடியில் செய்யக்கூடிய வேலையைச் செய்யாதபொழுது, அதன் சுமை அவர்மீது விழுகிறது.

நெகிழிக் குவளை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவற்றுக்கு இந்தியா முழுவதும் 2022 சூலை 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. எனினும், சட்டம் கடையில் விற்பதைத் தடுக்கலாம். வீசும் பழக்கத்தை மாற்ற வேண்டியவர்கள் நாமே.

ஏரியைக் காப்போம்

இப்பகுதிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் கலக்கின்றன. பூநாரைகள் இரை தேடும் அவ்வேரியை நம்பி மீனவர் பலர் வாழ்கின்றனர். கரையில் வீசிய நெகிழியைக் காற்றும் மழையும் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும், ஆறு ஏரிக்கும் கொண்டு சேர்க்கும். எனவே, பணியிடத்தில் ஒரு குவளையைத் தவிர்ப்பது தொலைவிலுள்ள ஏரியையும் காக்கும் செயலாகும்.

சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
மறுசுழற்சி – பயன்படுத்திய பொருளை மீண்டும் பயன்படும் பொருளாக்குதல்
பூநாரை – நீண்ட கால்களையுடைய நீர்ப்பறவை

சிந்தித்து எழுதுக

1. கழிவு எப்பொழுது தொடங்குகிறது எனப் பாடம் கூறுகிறது?
2. கழிவைப் பிரிக்காவிடில் பாதிக்கப்படுவோர் யாவர்?
3. உம் பள்ளி அலுவலகத்தில் ஒரு வாரத்தில் சேரும் காகிதக் கழிவை எடைபோட்டு, அதனைக் குறைக்க மூன்று வழிகளை எழுதுக.