கட்டுவிரியன் ஒன்றல்ல: விஷமுறிவு மருந்து குறித்துக் கேள்வி எழுப்பும் பெங்களூரு மரபணு ஆய்வு

பெங்களூரு: கட்டுவிரியன் என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் பாம்புகளுக்குள் வெவ்வேறு இனங்கள் மறைந்திருப்பதையும், அவற்றில் சிலவற்றின் விஷத்துக்கு இப்போதைய விஷமுறிவு மருந்து போதிய பலன் தருவதில்லை என்பதையும் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் மரபணு ஆய்வு வெளிப்படுத்தியுள்ளது.

நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர், இறந்திருக்கலாம் என 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராம மக்கள்.

நான்கு பாம்புகளுக்கே மருந்து: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்தே நாடு முழுவதற்குமான மருந்து தயாரிக்கப்படுகிறது. இதற்கான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சென்று வந்துள்ளது.

தாய்வழிச் சான்று: பாம்புகளை முன்னர் நிறம், வளையங்கள், செதில் வரிசை ஆகியவற்றைக் கொண்டே இனம் பிரித்தனர். உருவ ஒற்றுமை பல சமயம் ஏமாற்றிவிடும். தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் காலப்போக்கில் சிறு மாற்றங்கள் சேர்கின்றன. இரு பாம்புகளுக்கு இடையே இம்மாற்றங்கள் எந்த அளவுக்கு வேறுபடுகின்றனவோ, அந்த அளவுக்கு அவை முன்பே பிரிந்தவை எனக் கொள்ளப்படுகிறது.

இம்முறையில் தென்னிந்திய, மேற்கிந்தியக் கட்டுவிரியன்களை கார்த்திக் சுனகர் தலைமையிலான குழு ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. தென்னிந்தியாவில் புதிய இனம் ஒன்று கண்டறியப்பட்டது. சென்னை பாம்புப் பண்ணையையும் இருளர் சங்கத்தையும் உருவாக்கிய ரோமுலஸ் விட்டேகரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மேற்கிந்தியாவில் உடல் நடுவே 17 செதில் வரிசைகள் கொண்ட கட்டுவிரியன், தனித் துணை இனம் என்று கருதப்பட்டு வந்தது. அது பாகிஸ்தானில் உள்ள சிந்து கட்டுவிரியனோடு மரபணுவில் மிக நெருங்கியது எனத் தெரியவந்தது.

விஷத்தில் வேறுபாடு: இம்மூன்று இனங்களின் விஷச் சுரப்பிகளில் செயல்படும் மரபணுக்கள் பெரிதும் ஒத்திருந்தன. ஆயினும், சுரந்த விஷத்தின் சேர்க்கையும் வீரியமும் வெவ்வேறாக இருந்தன. சாதாரணக் கட்டுவிரியனின் விஷத்தை, தயாரிப்பாளர்கள் கூறும் அளவுக்கு மருந்து முறித்தது. மற்ற இரண்டின் விஷத்திடம் அதன் செயல்திறன் குறைவாகவே இருந்தது. எனவே உறவுமுறையை மரபணு காட்டினாலும், விஷத்தைத் தனியே சோதித்தாக வேண்டும்.

இவை ஆய்வகச் சோதனை முடிவுகள். கடிபட்டவருக்கு இன்றும் விஷமுறிவு மருந்தே உயிர் காக்கும் சிகிச்சை. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், உறங்குவோரைக் கடிக்கிறது. வலி குறைவாக இருப்பதால் கடித்ததே தெரியாமல் போகலாம். பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. தாமதமின்றி மருத்துவமனையை அடைவதே முக்கியம்.

அரசுகளின் பொறுப்பு: பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க, மத்திய அரசு 2024 மார்ச்சில் தேசிய செயல்திட்டத்தை அறிவித்தது. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று கர்நாடகம் 2024 பிப்ரவரியிலும், தமிழகம் அதே ஆண்டு நவம்பரிலும் உத்தரவிட்டன. கணக்கெடுப்புக்கு இது உதவும். ஆனால், அந்தந்த வட்டாரப் பாம்புகளுக்கு ஏற்ற மருந்து வேண்டுமெனில், விஷமும் அங்கிருந்தே சேகரிக்கப்பட வேண்டும்.

பாம்பு பிடிக்க அனுமதி தருவது மாநில வனத் துறை. மருந்தின் தரத்தை வகுப்பது மத்திய அரசு. சிகிச்சை அளிப்பது மாநில மருத்துவமனைகள். இம்மூன்றும் கைகோக்காதவரை, பெங்களூரு ஆய்வகத்தில் தெளிந்த உண்மை, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துக் குப்பியை எட்டப்போவதில்லை.