வட்டிக் கடனிலிருந்து மீளும் வழி

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் மரவள்ளி பயிரிடும் குடியானவருக்குப் பணம் வருவது வருஷத்தில் ஒரு முறை. செலவு வருவதோ வாரந்தோறும். நட்ட குச்சி கிழங்காகி ஜவ்வரிசி ஆலைக்குச் செல்லச் சுமார் பத்து மாதம் ஆகின்றது. மஞ்சளும் கரும்பும் அவ்வாறே. இடையில் பள்ளிச் சம்பளம், மருத்துவச் செலவு, களையெடுப்புக் கூலி ஆகியவை காத்திரா. இந்த இடைவெளியிலேதான் லேவாதேவிக்காரர் வாசற்படி ஏறுகின்றார். ஆகவே இப்பகுதியில் கடனுக்கு முதற் காரணம் ஊதாரித்தனம் அன்று. வரவும் செலவும் ஒரே காலத்தில் வாராமையே ஆகும்.

கடன் வளரும் வகை

கடன் வாங்குவோர் பலர் தாம் கொடுக்கும் வட்டியின் உண்மை அளவை அறியார். “ஐந்து வட்டி” என்பது கேட்கச் சிறிதாக இருக்கின்றது. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் எனில் வருஷத்திற்கு அறுபது ரூபாய் ஆகும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

தண்டல் கடன் இதனினும் கொடியது. 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, கையில் 8,500 ரூபாய் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாள் வசூலிப்பது ஒரு முறை. அந்த 8,500 ரூபாயும் குடியானவரிடம் முதல் நாள் மட்டுமே முழுமையாக இருக்கும். பின்னர் நாள்தோறும் குறைந்து வருவதால், சராசரியாக அவர் அனுபவிப்பது சுமார் 4,250 ரூபாயே. இதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி எனில், வருஷத்திற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 130 ரூபாய் ஆகின்றது. தவணை முடியுமுன் பாக்கியைக் கழித்துக்கொண்டு மறு தண்டல் கொடுப்பதே இதிலுள்ள பெரிய கண்ணி. அதனை ஏற்றவர் வருஷம் முழுவதும் கட்டியும் கடன்காரராகவே இருப்பார்.

1938-ம் வருஷத்துப் படிப்பினை

இத்துன்பம் புதிதன்று. 1930-ல் சென்னை மாகாண பாங்கு விசாரணைக் கமிட்டியார் மாகாணத்து விவசாயக் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என மதிப்பிட்டனர். அதன்பின் விளைபொருள் விலை வீழ்ந்தமையால் பாரம் மேலும் கனத்தது. சேலத்தில் வக்கீலாகத் தொழில் செய்து, 1917-ல் அந்நகரசபைத் தலைவராகி, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய ராஜாஜி, இக்குடும்பங்களின் நிலையை நேரில் கண்டவர். அவர் பிரதம மந்திரியாக இருந்தபோது 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது.

அச்சட்டப்படி, 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை நிலுவையாயிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலுக்கு இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. பழைய கடனுக்கு இது பெரிய நிவாரணமே. ஆயினும் பழைய கடனை வெட்டுவதால் மட்டும் அடுத்த சாகுபடிக்குப் பணம் வந்துவிடாது. குறைந்த வட்டிக்குக் கடன் தரும் சங்கம் அருகில் இல்லையேல், விடுபட்டவர் மீண்டும் அதே வாசலுக்குத்தான் செல்ல நேரும்.

2021-ல் நிகழ்ந்ததும் இதனையே காட்டும். அவ்வருஷம் தமிழ்நாட்டில் 16.43 லட்சம் விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்பட்டது. சங்கத்தில் கணக்கு உடையவர் பயனடைந்தனர். தனியாரிடம் கடன்பட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

மீளும் முறை

முதலாவதாக, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுக. யாரிடம், அசல் எவ்வளவு, நூற்றுக்கு மாத வட்டி எவ்வளவு, ஈடு யாது என்பன விளங்கவேண்டும். வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் எழுதும் கணக்கு முழுமையாகாது.

இரண்டாவதாக, புதுத் தண்டல் எடுப்பதை அறவே நிறுத்துக. மூன்றாவதாக, வட்டி மிகுந்த கடனை முதலில் அடைக்க.

ஓர் உதாரணம் கூறலாம். இரண்டு ஏக்கர் மரவள்ளியும் கறவை மாடுகளும் உடைய ஒரு குடும்பத்திற்கு மேற்கூறிய தண்டல் ஒன்றும், ஐந்து வட்டிக்கு 20,000 ரூபாய்க் கடனும் உள்ளன எனக் கொள்வோம். பால் சங்கத்து வரும்படியிலிருந்து மாதம் 3,000 ரூபாய் தண்டலுக்கும் 1,000 ரூபாய் வட்டிக்கும் செல்கின்றன. தண்டல் முடிந்த நூறாம் நாளுக்குப் பின், அதே 4,000 ரூபாயை மாதந்தோறும் இரண்டாம் கடனுக்குச் செலுத்தினால் ஆறு மாதத்தில் அது தீர்ந்துவிடும். நட்ட மரவள்ளி வெட்டுக்கு வருமுன் இரு கடனும் ஒழியும். வெள்ளாமைப் பணம் முழுதும் வீட்டிற்கே.

நகை இருப்பின் இன்னும் எளிது. ஐந்து வட்டிக் கடனைக் கூட்டுறவு நகைக் கடனாக மாற்றி, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அளவில் வட்டி செலுத்தினால், அந்த ஆறு மாதத்தில் செல்லும் வட்டி சுமார் 3,600 ரூபாயிலிருந்து 650 ரூபாய்க்குள் குறையும். மீட்கும் தேதியை மட்டும் மறத்தலாகாது.

நான்காவதாக, அடுத்த போகத்துச் சாகுபடிச் செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை முன்கூட்டியே நாடுக. தவணை தவறாது கட்டுவோருக்கு அங்குப் பயிர்க் கடன் வட்டியின்றிக் கிடைக்கின்றது. அப்பணம் உரத்திற்கும் கூலிக்குமே உரியது, விருந்துக்கு அன்று. கடன் தீர்ந்தபின் அதே மாதத் தொகையில் பாதியையேனும் சேமிப்பில் இட்டு வந்தால், வாரச் செலவிற்கு மற்றொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கிராம அலுவலர்கள் கவனத்திற்கு

லேவாதேவிக்காரர் அசலைச் சிறிது சிறிதாகப் பெற மறுப்பதும், எழுதாத பிராமிசரி நோட்டில் கையெழுத்து வாங்குவதும், வீட்டு வாசலில் நின்று இழிசொல் கூறுவதும் உண்டு. 2003-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றின் பெயரால் அதிக வட்டி வாங்குவதைத் தடுக்கின்றது. மீறுவோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன்பட்டவர் அசலையும் சர்க்கார் நிர்ணயித்த வட்டியையும் கோர்ட்டில் செலுத்தி விடுதலை கோரவும் அதில் இடமுண்டு. ஆகையால் கட்டிய தொகைக்கெல்லாம் ரசீது அல்லது பாங்குப் பதிவு வைத்திருப்பது அவசியம்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் கச்சேரி வாயிலில் ஒரு கூலித் தொழிலாளியும், அவர் மனைவியும், இரு குழந்தைகளும் கந்துவட்டித் தொல்லை தாங்காது உயிர் துறந்தனர். அவர்கள் முன்னரே பலமுறை மனுக் கொடுத்திருந்தனர். இதனை நினைவிற் கொண்டு, கடன் தொல்லை பற்றிய மனு வந்த அன்றே அதனைக் கவனிப்பது கிராம நிர்வாக அலுவலரின் கடமை. போலீஸ் நிலையத்திற்கோ, மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்திற்கோ மனுதாரரை உடன் அழைத்துச் சென்றால் பயன் விரைவில் கிட்டும்.

கடனை மறைப்பவருக்கு அது வளர்கின்றது; கணக்கெழுதுபவருக்கு அது தேய்கின்றது. நிலக்காரர் ஒவ்வொருவரும் இவ்வாரமே ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்வாராயின், அதுவே மீட்சிக்கு முதற்படியாகும்.