ஒரு புட்டி பீரும் ஏழாயிரம் லிட்டர் நீரும்

விருந்து நடந்த வீட்டில் ஒரு புட்டி பீர் திறந்தபடியே மிஞ்சிவிட்டது. அதை எங்கே கொட்டுவது? குளத்திற்குச் செல்லும் சாக்கடையிலா, தோட்டத்து மக்குக் குவியலிலா? கேள்வி சிறியதுதான். ஆனால் விடை காணச் சிறிது கணக்கு வேண்டும்.

650 மி.லி. பீரில், கன அளவில் 5 விழுக்காடு ஆல்கஹால் இருப்பதாகக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 26 கிராம். நீர்த்த நிலையில் ஆல்கஹால் பல நுண்ணுயிர்களுக்கு உணவாகும். சில பாக்டீரியாக்கள் அதை ஆக்சிஜனுடன் சேர்த்து அசெட்டிக் அமிலமாக, அதாவது காடியாக, மாற்றுகின்றன. இது உயிரிகளின் வேலையே என்று 1864-இல் லூயி பாஸ்டர் விளக்கினார். பின்னர் அந்த அமிலமும் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது.

ஆக்சிஜன் கணக்கு

46 கிராம் ஆல்கஹால் முற்றிலும் சிதைய 96 கிராம் ஆக்சிஜன் தேவை. எனவே 26 கிராமுக்குச் சுமார் 54 கிராம் வேண்டும். 30° செ. வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக் கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். ஆகவே, ஒரு புட்டி பீரிலுள்ள ஆல்கஹால் 7,000 லிட்டர் நீரின் ஆக்சிஜனை விழுங்கவல்லது! குளத்து மீன்களின் கதி என்னவாகும்?

அதே 54 கிராம் ஆக்சிஜன் வெறும் 200 லிட்டர் காற்றில் அடங்கியுள்ளது. காற்றோட்டமுள்ள மக்குக் குவியலே பீருக்கு ஏற்ற இடம் என்பது இதிலிருந்து விளங்கும்.

அளவு மீறினால்

மருத்துவமனையில் கிருமிகளைக் கொல்ல 70 விழுக்காடு ஆல்கஹால் பயன்படுகிறது. உணவாக இருந்த அதே பொருள் செறிவு மிகும்போது நஞ்சாகிறது. ஆல்கஹாலை உண்டாக்கும் ஈஸ்ட்டே, அது 15 விழுக்காட்டை நெருங்கும்போது பெரும்பாலும் செயலற்றுப் போகிறது. பிராந்தியில் சுமார் 43 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. எனவே மிஞ்சிய பிராந்தியுடன் பத்து மடங்கு நீர் கலந்த பிறகே குவியலில் ஊற்ற வேண்டும்.

பீரையும் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. குவியலின் இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் காற்று புகாது, துர்நாற்றம் எழும். பரவலாகத் தெளித்து, உலர்ந்த சருகுகளைச் சேர்த்துக் கிளறிவிட்டால் போதும். ஆல்கஹாலில் நைட்ரஜன் கிடையாது. ஆகவே அது சாணத்திற்கோ பசுந்தழைக்கோ ஈடாகாது. உரத்தைச் சிறப்பிக்க அன்று, நீரைக் காக்கவே இந்த வழி.

இனி நீங்களே கணக்கிடுங்கள்: 12 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 750 மி.லி. திராட்சை மது எத்தனை லிட்டர் நீரின் ஆக்சிஜனை விழுங்கும்? (விடை: சுமார் 20,000 லிட்டர்.)