ஜீப்புக்கு ஆயுசு எத்தனை?

ஃப்ரெண்ட்ஸ், துறையூர் பக்கமிருந்து பச்சைமலைக்கு ஜீப்பில் ஏறியிருக்கிறீர்களா? வளைவுக்கு வளைவு அது உறுமுகிற உறுமலைக் கேட்டால், ‘இந்த வண்டி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்?’ என்று மனசு கேட்கும். கம்பெனி அக்கவுன்டன்ட் கேட்பதும் இதே கேள்விதான்!

ஒரு சின்ன கணக்கு. ஜீப் விலை 8 லட்சம். 8 வருஷம் ஓடும், கடைசியில் விற்றால் ஒன்றும் தேறாது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1 லட்சம் தேய்மானம். 3 வருஷம் ஆச்சு. மலை ரோடு வண்டியைப் பதம் பார்த்துவிட்டது. ‘இன்னும் 2 வருஷம்தான்’ என்கிறார் மெக்கானிக். இப்போ என்ன செய்வீர்கள்?

மிச்சமுள்ள 5 லட்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். இனி வருஷத்துக்கு இரண்டரை லட்சம். பழைய 3 வருஷக் கணக்கைத் தொடக்கூடாது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் போட்ட மதிப்பீடு அன்றைக்குச் சரிதானே? ஆனால், 8 லட்சத்தை 6 லட்சம் என்று எழுதியிருந்தால் அது பிழை. அப்போ பழைய கணக்கையே திருத்தணும். ‘இந்த் ஏஎஸ் 8’ என்கிற கணக்கியல் தரம் சொல்வது இதைத்தான்.

நம்ம நாட்டில் இது மொத்தமாக நடந்தது 2014-ல். கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை அந்த ஏப்ரல் 1 முதல் அமலானது. லேப்டாப், டெஸ்க்டாப்புக்கு ஆயுசு 3 வருஷம். சர்வருக்கு 6 என்றது. வேறு ஆயுசு போட்டால் காரணம் சொல்லணும்.

சரி, இதில் நமக்கென்ன? கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், 2023-ல் சர்வர்களின் ஆயுசை 4-லிருந்து 6 வருஷமாக்கியது. அந்த வருஷத் தேய்மானம் சுமார் 390 கோடி டாலர் குறைந்தது. கல்லாவில் ஒரு டாலர்கூட கூடவில்லை, லாபம் மட்டும் ஏறியது! அமேசானோ 2025-ல் சில சர்வர்களின் ஆயுசை 6-லிருந்து 5 ஆக்கியது. செயற்கை நுண்ணறிவு வேகத்தில் மெஷின்கள் சீக்கிரம் பழசாகின்றனவாம்.

இரண்டுமே வெளிப்படையாகச் சொல்லிச் செய்தவை. ஆனால், காரணமே இல்லாமல் ஆயுசை நீட்டி லாபம் காட்டவும் இதே கதவு திறந்திருக்கிறது. அதனால், பங்கு வாங்கும் முன்போ, வேலைக்குச் சேரும் முன்போ, ‘லாபம் எகிறியது’ என்ற தலைப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டுங்கள். மதிப்பீடு மாறினால் என்ன மாற்றம், எவ்வளவு தொகை என்று அங்கே சொல்லியாகணும்.

ஜீப் நிஜமாவே தாங்குமா? மெக்கானிக் சொன்னாரா, முதலாளி சொன்னாரா? அதைக் கேளுங்க பாஸ்!