வகுப்பறையில் ஒரு மரப்பரண்

மரத்தின்மேற் குடில் அமைத்தல் சிறுவர் விளையாட்டு மாத்திரமன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் தலைவி, மரத்தின்மேல் அமைந்த இதணத்திலிருந்தே கிளிகளை ஓட்டித் தினைப்புனங் காத்தாள். வன்னி உழவரும் பரண்களில் இராமுழுதும் கண்விழித்து, யானையும் பன்றியும் பயிரை அழியாவண்ணம் காவல் புரிந்தனர்.

அப்பரணைச் சிற்றுருவில் மாணவர் எளிதிற் செய்யலாம். சிரட்டையில் இறுகப் பிசைந்த களிமண்ணை நிரப்பி, கவர்விட்ட கொய்யாக் கொம்பொன்றை நடுக. சம நீளமுள்ள நான்கு தடித்த ஈர்க்குகளை மூலைகளில் நாராற் கட்டிச் சதுரச் சட்டமாக்குக. ஒரு மூலையை விரலால் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். இனி, மூலைக்கு மூலை குறுக்கே ஓர் ஈர்க்கைக் கட்டித் தள்ளிப் பார்க்க. சட்டம் சரியாது! பக்கங்களின் நீளம் மாறாதிருந்தும் நாற்கோணம் உருமாறும், முக்கோணமோ மாறாது. கேத்திரகணிதம் கூறும் உண்மை இதுவே.

பின்னர்ச் சட்டத்தைக் கவரில் இருத்திக் கட்டி, ஈர்க்குகளை நிரையாகப் பரப்பி, பனையோலையாற் கூரை வேய்ந்தால் பரண் நிறைவுறும்.

மனனஞ் செய்த விதி பரீட்சையோடு மறைந்துபோகலாம். பரணில் இருந்த உழவனுக்கோ கட்டின் உறுதியிலேயே உயிர் தங்கியிருந்தது. அவ்வுறுதியின் காரணத்தைத் தன் கையாற் கட்டியறிந்த பிள்ளை அதனை எளிதில் மறவாது.